இரைச்சல் உள்ள இடம்

டொரண்டோவில் ஏறினோம்.
தோஹாவில் நாலு மணிநேரம்
கண்ணாடிச் சுவரில் நெற்றியைத் தேய்த்தபடி நின்றாள்.
பிறகு மறுபடியும் ஏறினோம்.
மகளுக்குப் பதினாலு மாதம். பல் நாலு.
ஐந்தாவது, அட்லாண்டிக்குக்கு மேலே முளைத்தது.

சோதனை மேசையில் போத்தலைத் தூக்கிப் பார்த்து
குடித்துக் காட்டு என்றான் ஒருவன்.
பிழிந்து வைத்த என் பாலை
அன்றைக்குத்தான் ருசி பார்த்தேன்.
லேசாக இனித்தது. அவனுக்கு நம்பிக்கை வந்தது.

காது அடைத்து அவள் அலறியபோது
முன் இருக்கைக்காரர் ஹெட்போனை இன்னும் அழுத்திக்கொண்டார்.
பக்கத்துப் பெண், எந்த நாடோ தெரியாது,
சிவப்புப் பிளாஸ்டிக் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள்.
இறங்கும்போது திருப்பிக் கேட்கவில்லை.
நானும் நினைக்கவில்லை.

நடைபாதையில் எத்தனை முறை போய் வந்தோம்!
தூங்குகிறவர்களின் முழங்காலெல்லாம் அவளுக்குக் கைப்பிடி.
கடைசியில், கழிவறைக்குப் பக்கத்தில்,
எஞ்சின் உறுமல் உள்ளங்காலால் ஏறும் ஓர் இடத்தில்
நின்றபடியே ஆட்டினேன். தூங்கினாள்.
கருங்கடலை நான் நின்றுகொண்டே கடந்தேன்.

அப்புறம் வேனில் ஆறு மணிநேரம்.
கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி.
எனக்குத்தான். அவள் கைதட்டினாள்.

பொகவந்தலாவையில் இரவு ஒன்றரை.
அவள் உடம்பில் பின்னேரம் நாலு.
பூங்காவுக்குப் போகிற நேரம்:
சப்பாத்தைத் தேடி எடுத்து வந்து
என் மூக்கின் மேல் வைக்கிறாள்.
எட்டுக் காம்பிராவுக்கும் ஒரே கூரை,
சுவர் கூரையைத் தொடாது.
தங்கேஸ்வரி அக்கா புரண்டு படுக்கிறாள்;
ஆறரைக்குப் பெரட்டு அவளுக்கு.
மூன்றாம் காம்பிராவில் இருமல்.
ஐந்தாம் காம்பிராவில் யாரோ, மெதுவாகத்தான்,
“டொரண்டோ முழிச்சிருச்சு.”

மூன்றாம் இரவு
அவளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு
போன் வெளிச்சத்தில் கீழே இறங்கினேன்.
பனி. ஒரு நாய், குரைக்கச் சோம்பல்பட்டது.
ஸ்டோரின் மேல்மாடியில் மட்டும் விளக்கு.
செபமாலை அண்ணன் கொழுந்தைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, இந்த நேரத்துல?”
“இவளுக்கு இன்னும் பொழுது சாயல, அண்ணே.”
“அப்ப நம்ம ஷிப்டுதான்.”

நீளநீளத் தொட்டிகள்.
வலைமேல் கணுக்கை ஆழத்துக்குக் கொழுந்து,
அடியில் காற்றை ஊதும் விசிறிகள்.
பலகைத் தளம் நடுங்கியது.
செருப்பைத் தாண்டி, உள்ளங்காலால் ஏறியது
அதே உறுமல்.
வாசனைதான் வேறு: அரிந்து வைத்த ஆப்பிள் மாதிரி.

அவள் விசிறியைப் பார்த்தாள்.
விரல் நீட்டினாள். விரலில் ஓர் இலை ஒட்டியது,
அதை என் காதுக்குள் வைக்கப் பார்த்தாள்.
பாதியில் கை நின்றது.
தலை தோளில் விழுந்து, கனத்தது.

அக்கா பறித்ததும் இந்தக் குவியலுக்குள்தான் இருக்கும்.
எது என்று யார் கண்டார்கள்.
ஒரு தொட்டி வாட எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.
பன்னிரண்டு, பதின்மூன்று மணிநேரம், மழைக்காலம் என்றால் கூட.
டொரண்டோவிலிருந்து தோஹா.

அண்ணன் ஒரு சாக்கை உதறிப் போட்டார், உட்காரு என்று.
உட்கார்ந்தால் விழித்துவிடுவாள்.
போன் மினுங்கியது, வேலை இடைவேளையில் அவர்:
தூங்கினாளா? எங்கே?
பெருவிரலால் ‘விமானத்தில்’ என்று அடித்து
அழித்துவிட்டு
‘ஸ்டோரில்’ என்று அனுப்பினேன்.
என்ன விளங்கியதோ, ஒரு கேள்விக்குறி வந்தது.

“நாலு மணிக்கு விசிறிய நிப்பாட்டிருவோம், தங்கச்சி.
இப்பவே சொல்லிட்டேன்.”

தலையாட்டினேன்.
மணி மூன்று ஆகவில்லை இன்னும்.
தூணில் சாய்ந்து, கால் மாற்றி நின்றேன்.
பெல்ட் மட்டும்தான் இல்லை.