காம்பரா ஏழு, காம்பரா எட்டு

கேபிளை எலி கொண்டுபோய்விட்டது.
முழுசாக இல்லை, நடுவில் ஒரு சாண்.
மிச்ச இரண்டு முனையும் மேசைமேல்
சண்டை போட்ட புருஷன் பெண்சாதி மாதிரி
ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிடக்கின்றன.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு
நோர்வூட் செயலகத்தில் படங்கள் இருக்க வேண்டும்,
கடதாசியில்.
போனில் காட்டினால் அந்த உத்தியோகத்தர் பார்க்கமாட்டார்.
"விரலால தள்ளித் தள்ளிப் பாக்க
எனக்கு நேரமில்ல தங்கச்சி."

பதினாறு படம். எல்லாம் ஒரே வெடிப்பு.
கூரைத் தகரத்துக்குக் கீழே தொடங்கி
சாமிப் படத்துக்குப் பின்னால் நுழைந்து
அடுப்புக்குக் கிட்ட வெளியே வருகிறது.
அளவு தெரியட்டும் என்று
ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்து வைத்துப் பிடித்தேன்.
ஐப்பசி மழைக்கு விளிம்பு மட்டும் நுழைந்தது.
கார்த்திகையில் பாதி.
போன கிழமை
குற்றி உள்ளே விழுந்துவிட்டது.

கம்ப்யூட்டர், ஹட்டனில் மூடிப்போன
கொமினிகேஷன் ஒன்றில் தவணைக்கு எடுத்தது.
அதன் பெயர் இன்னும் 'கவுண்டர் மூன்று'.
பின்புறம் விரல்நகம் அளவில்
ஒரு புளூடூத் குச்சியைச் செருகி
தேடு என்றேன்.

தேடியது.
லயத்துச் சுவரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா?
முதலில் 'தொடாதே' என்று யாரோ.
பிறகு 'பிரதாபன் ஸ்பீக்கர்'.
பிறகு 'கொழும்பு கிங்':
அது மூன்றாம் காம்பராப் பையன்,
தீபாவளிக்கு வந்தவன்,
திரும்பிப் போக மனமில்லாமல் நிற்கிறான்.
இத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று
இந்த மழைச் சத்தத்தில் தெரியவே இல்லை.

கடைசியில் என் போன். அழுத்தினேன்.
திரையில் ஆறு இலக்கம் எழுந்தது.
மற்றக் கருவியிலும் இதே எண்தானா?
என் கையில் இருந்த போன்
இருண்டே கிடந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஞானசெல்வியக்கா:
"ஏய் கோசலா,
யாரோ கவுண்டர் மூணாம்,
என்கூட ஜோடி சேரணுமாம்,
ராத்திரி பத்தரைக்கு!"

ஒரே கடை, ஒரே நாள், ஒரே மாடல்.
பெட்டியில் வந்த பெயரை
இரண்டு பேருமே மாற்றவில்லை.

அழுத்தாதீங்க என்று சொல்வதற்குள்
அவள் வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.
"நாலு. ஒம்பது. சைபர்."
வெடிப்பு வழியாக
ஒவ்வோர் எண்ணும் நனையாமல் வந்தது.
"சைபர். ஏழு. ரெண்டு. அதேதானா?"

"அதேதான்க்கா. ஆளுதான் மாறிப்போச்சு."

"மாறுனா என்ன, எங்கிட்டயும் இருக்கு படம்."

பெறக் காத்திருக்கிறேன் என்றது கம்ப்யூட்டர்.
கரண்டு இரண்டு தரம் கண்சிமிட்டியது.
பச்சைக் கோடு ஊர்ந்தது,
மஸ்கெலியா பஸ் மேட்டில் ஏறுவதுபோல்,
நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும்.

அவள் அளவுக்குத் தீப்பெட்டி வைத்திருக்கிறாள்.
முதல் படத்தில் பெட்டி நேராக நிற்கிறது.
இரண்டாவதில் அவள் மகனின் கட்டைவிரல், பாதி முகம்.
மூன்றாவது ஆடிப்போய் ஒன்றும் தெரியவில்லை.
நான்காவதை டோர்ச் அடித்து எடுத்திருக்கிறாள்.
கல்லும் சுண்ணாம்பும், ஒரு வேர்,
எந்த மரத்தினது என்று தெரியாத வேர்,
அதன்மேல்
மஞ்சளாக, வட்டமாக,
என் ஐந்து ரூபாய்.

நான் சாமிப் படத்தைக் கழற்றிவிட்டு
கண்ணை வைத்துப் பார்த்தேன்.
அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம் அசைந்தது.

"ஒன்னோட காசா இது?
ஈர்க்குச்சி விட்டா வந்துரும். எடுத்துத் தரவா?"

"வேணாம்க்கா, இருக்கட்டும்.
எடுத்தா அளவு போயிரும்."

பிறகு என் போனுக்குக் 'கோசலா ஏழு' என்று பெயர் வைத்து
முதலிலிருந்து தேடச் சொன்னேன்.