கேள்வி ஏழு

வெயிலில் எவ்வளவு நேரம்?
பதம்கரவ் யோசிக்கவே இல்லை.
"நாலு மணி நேரம். சில நாள் ஐந்து."

உலான்பாதர். மார்ச் பிறந்தும் மைனஸ் பதினெட்டு.
மேடேறி வரும் வழியெல்லாம் நிலக்கரிப் புகை.
எதிரே வந்த நாயை
அது குரைத்த பிறகுதான் பார்த்தேன்.
தெருவில் போகும் பிள்ளைகளுக்குத்
தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவே
இரண்டு விரல் அகலம்தான் தோல்.
நாலு மணி நேரமா?

"இருந்து பாருங்கள்" என்று
உப்புத் தேநீர் ஊற்றினாள்.

பதினோரு மணிவாக்கில்
கூடாரத்து உச்சி வட்டத்தின் வழியே
இறங்கியது ஒரு துண்டு வெயில்.
முதலில் மேற்குக் கட்டிலின் விளிம்பு,
பிறகு ஆரஞ்சு வண்ணப் பெட்டி,
கடைசியில் கிழக்கே பாத்திர அடுக்கு.
அது நகர நகர
துகுல்தூரும் நகர்ந்தான்.
ஆறு வயது. சட்டையில்லை.
நெஞ்சைக் காட்டி, முதுகைக் காட்டி,
தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும் ரொட்டி மாதிரி.
நடுநடுவே மூச்சு விசிலடித்தது.
இன்ஹேலர் ஆணியில் தொங்கியது,
ஒற்றைக் காலுறைக்குள்.

"நவம்பரிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை.
வெயில் வேண்டும் என்றாரே டாக்டர்."

மேலே பார்த்தேன்.
அடுப்புக் குழாயைச் சுற்றி எட்டுத் துண்டுக் கண்ணாடி.
வெளிச்சத்தை உள்ளே விடும், சூட்டை உள்ளே விடும்,
தோல் எதற்காகக் காத்திருக்கிறதோ
அதை மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம்.
சொன்னேன்.

அவள் சாம்பல் வாளியை எடுத்தாள்.
திரும்ப அங்கேயே வைத்தாள்.
"கண்ணாடியைக் கழற்றிவிடட்டுமா?"

கழற்றினால் குளிர் வரும், புகை வரும்,
இரண்டுக்கும் தெரிந்த ஒரே விலாசம் இந்த நெஞ்சு.
அதோடு, குளிர்காலம் பூராவும்
சூரியன் இங்கே சாய்ந்தேதான் போகிறது,
கூரையே இல்லாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது.
அதையும் சொன்னேன்.
சொல்லச் சொல்ல
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ரத்தம் எடுக்கக் கையைப் பிடித்தேன்.
பையன் ஊசியைப் பார்க்கவில்லை.
வெயில் தன்னை விட்டுப் போவதைப் பார்த்தான்.
"அந்தப் பக்கம் வைத்து எடுங்களேன்."
மூன்று பேரும் முழங்காலிட்டபடியே
ஒரு சாண் நகர்ந்தோம்.

சொட்டு மருந்துக் குப்பியை
அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
அடியில் மஞ்சளாகக் கொஞ்சம்.
"அத்தனை மத்தியானமும் இதற்குள்ளா?"

வைட்டமின் டி அளவு வர ஒன்பது நாளாகும்.
ஏழாம் கட்டத்தில் இப்போதே பூஜ்யம் போட வேண்டும்.
பேனா குளிரில் உறைந்துவிட்டது என்றேன்,
அடுப்புப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டே.