பதினோராவது கேள்வி

முதல் கேள்வி சுலபம்: வயது.
நாற்பத்தொன்று.
இரண்டாவது, எந்த மொழியில் பேச விருப்பம்.
தமிழ் என்று தட்டியதும்
நூற்றுச்சொச்சம் முகங்கள் ஐந்தாகச் சுருங்கின.
அதில் ஒருவர் ஹெப்சிபா, மார்த்தாண்டம்,
தோளுக்குப் பின்னால் ஒரு மணிபிளான்ட்.

நான்காவதில் நின்றுவிட்டேன்.
யாரும் குறுக்கிடாத இடம் உங்களுக்கு உண்டா?

ஃபஹாஹீலில், மூன்றாம் மாடியில்,
கட்டிலுக்குக் கட்டில் திரை தொங்கும் அறை.
அந்தப் பக்கம் ஷிபு இருமினால்
இந்தப் பக்கம் என் தலையணை அதிரும்.
குளியலறை என்றால் பத்து நிமிஷம்,
அதற்குமேல் கதவு தட்டப்படும்.
மொட்டைமாடிச் சாவி ஹாரிஸிடம்.
துணி காயப்போட என்றால் தருவான்,
அழுவதற்கு என்று அரபியில் எப்படிக் கேட்பது?
கார் இருக்கிறது என்று எழுதினேன்.
பழைய சன்னி. ஏசி போட்டால் இரைச்சல்,
போடாவிட்டால் ஆகஸ்ட்.

கட்டணம் தொள்ளாயிரம் ரூபாய்.
தினாரில் மூன்றும் சில்லறையும்.
ஒருத்தர் உட்கார்ந்து கேட்பதற்கா இவ்வளவு
என்று மனசு முனகியது.
போன மாதம் ஷூவுக்கு எட்டு கொடுத்தபோது
அது வாயே திறக்கவில்லை.

இங்கே டாக்டர் இல்லையா என்றால், இருக்கிறார்.
அவரிடம் இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.
நாட் ஸ்லீப்பிங், சார், என்பேன்.
வெறிச்சுன்னு இருக்கு என்பதை
எந்த இங்கிலீஷில் சொல்ல?
அந்தச் சீட்டு கம்பெனிக்குப் போய்
கேட் பாஸைப் புதுப்பிக்காமல் விட்டால்?
ஒண்ணும் ஆகாது என்கிறான் நாகூர் மீரான்.
அவன் விசா முடிகிற நாள்வரை
ஒண்ணும் ஆகாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ரிஃபைனரியில் என் வேலை
அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது.
இப்போதெல்லாம் முள் காட்டும் எண்ணைப் பார்த்து
நோட்டில் குனிவதற்குள் மறந்துவிடுகிறது.
மறுபடி நிமிர்கிறேன். மறுபடி.
மனைவி போனில் சாப்பிட்டீங்களா என்பாள்.
சாப்பிட்டேன் என்பேன்.
ஆறு வருஷம் நாங்கள் பேசியதைச் சுருக்கினால்
நான் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

பதினோராவது கேள்வி.
உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா?
ஆம் எனில் இதற்காகக் காத்திருக்க வேண்டாம்,
அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.
இல்லை என்று தட்டினேன்.
தட்டுமுன் விரல் அந்தரத்தில் நின்றதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

வெள்ளி இரவு ஏழு மணி, அங்கே ஒன்பதரை.
மண் பார்க்கிங்கில் ஏசியை அணைத்துவிட்டு
போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தேன்.
"கேட்குதா?" என்றார்.
"கேட்குது."
அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.
நெட் போய்விட்டது என்று நினைத்துவிடுவாரோ என்று
தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.
"இருக்கேன். மெதுவா சொல்லுங்க."
விரல் நின்றதைத்தான் முதலில் சொன்னேன்.

அவர் பதறவில்லை.
எப்போதிலிருந்து, எத்தனை தடவை,
இன்றைக்கும் இருக்கிறதா என்று
ஏதோ காய்ச்சலை விசாரிப்பதுபோல் நேராகக் கேட்டார்.
பிறகு சொன்னார்:
"நான் விட்டுட்டுப் போகலை. ஆனா நான் மட்டும் போதாது.
லைன் கட்டானா நீங்க எந்தக் கட்டிடம்னுகூட
எனக்குத் தெரியாது.
அங்க ஒரு டாக்டரைப் பாருங்க.
இங்கிலீஷுல என்ன சொல்லணும்னு நான் எழுதித் தர்றேன்.
இன்னிக்கு ராத்திரி உங்க பக்கத்துல யாரு இருக்கா?"

யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
திரைக்கு அந்தப் பக்கத்து இருமல் ஞாபகம் வந்தது.

ஷிபு பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.
நாளைக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வருவியா என்றேன்.
எதற்கு என்று கேட்கவில்லை.
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
கத்தியைக் கீழே வைத்துவிட்டு
"நாளையோ, இப்போழோ?" என்றான்.