தோளில் மிஞ்சும் கை

புளியந்தோப்பில் பேனர் அடிக்கும் கடையில்
ஆறு வருஷமாய் முகம் வெட்டுகிறேன்.
கண்ணீர் அஞ்சலிக்கு வருகிற எந்த முகமும்
தனியாக வந்ததில்லை.
யாரோ ஒருவர் கல்யாண வரவேற்பில்
கடைசி வரிசையில் நின்றது,
வேளாங்கண்ணி பஸ் ஏறுமுன் கூட்டமாய் எடுத்தது,
ஆதார் அட்டையில் திடுக்கிட்டது.
வெட்டி எடுத்தால்
தோளில் ஒரு கை மிஞ்சும்.
மோதிரம் போட்ட, மருதாணி வைத்த,
யாருடையதென்று கேட்க நேரமில்லாத கை.
பாடியைப் பத்து மணிக்கு எடுக்கிறார்கள்.
அழித்துவிட்டு வானம் ஒட்டுவேன்.

அதனால்தான் சீட்டு விழுந்ததும்
பர்மா பஜார் போனேன்.

"கல்யாண ஆர்டரா, யூடியூபா?" என்றார் கடைக்காரர்.
இரண்டும் இல்லை என்றதற்கு
மெகாபிக்சலை மளமளவென்று கொட்டினார்.
அறுபதடிக்கு அடித்தாலும் உடையாதாம்.
எங்கள் பேனர் ஆறுக்கு நாலு.
அதுவும் மூன்றாம் நாள் யார் வீட்டுக் கூரையிலோ
முகம் கவிழ்ந்து மழைக்குக் காவல்.

நிலாவில் பள்ளம் தெரிகிற ஜூமைக் காட்டினார்.
எனக்கு வேண்டிய ஆட்கள்
கை நீட்டினால் இடிக்கிற தூரத்தில்.
ஐம்பது எம்எம் லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் அதற்கு நான் எட்டடி பின்னால் போகணும்;
எங்கள் சந்தில் நாலாவது அடியிலேயே
மெட்ரோ வாட்டர் டிரம்.
அகலமாய் எடுப்பதிலோ மூக்கு
குடைமிளகாய் ஆகிவிடுகிறது.
நாளைக்கு மாலை போடப்போகும் முகத்துக்கு
அது மரியாதை இல்லை.

கடைசியில் கேட்டேன்:
"ப்ளாஷ் போடாம, டியூப்லைட்டுல,
கறுப்பைக் கறுப்பாவே எடுக்குமா?"

அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.
பிறகு சட்டையை மடித்துவிட்டு
முழங்கையை நீட்டினார். "எடுத்துப் பாரும்மா."

மூன்று கேமராவில் அந்தக் கை சாம்பல்.
நாலாவது செகண்ட் ஹேண்ட், பிடியில் ரப்பர் பிய்ந்தது,
முப்பத்தைந்து எம்எம்.
அதில் வியர்வை இருந்தது,
பழைய தையலின் தழும்பு இருந்தது,
கறுப்புக்குள் இன்னும் நாலு கறுப்பு இருந்தது.
பதினேழாயிரம். சார்ஜருக்குத் தனி விலை.

காசிமேட்டிலிருந்து கூடையோடு வந்திறங்கிய
பக்கத்து வீட்டு தேசம்மாவைத்தான் முதலில் நிறுத்தினேன்.
"இன்னாத்துக்குடி இப்ப போட்டோ?"
"சும்மாதான்க்கா."

நான் எந்தக் கடையில் வேலை செய்கிறேன்
என்று அவளுக்குத் தெரியும்.
கொஞ்ச நேரம் லென்ஸையே பார்த்தாள்.
கையிலிருந்த செதிலைப் பாவாடையில் துடைத்தாள்.
"பேனருக்கா?
இரு, பொடவ மாத்தினு வர்றேன்."

டிரம் முதுகில் சில்லென்று இருந்தது.
ஐஎஸ்ஓவை ஏற்றினேன், இறக்கினேன், ஏற்றினேன்.
உள்ளே பீரோ கிறீச்சிட்டது.

மாம்பழக் கலர் சேலையில் வாசல்படிக்கு வந்தாள்,
தோளில் யார் கையும் இல்லாமல்.

"ஏய், அதுல எவனும் சிரிச்சு நான் பாத்ததேயில்ல.
சிரிக்கலாமா?"