நாட்காட்டி தின்ற கிடா

நேற்று திங்கள் கிழித்தேன்.
இன்று விடியுமுன் பார்த்தால்
சுவரில் வெள்ளிக்கிழமை.
இடையில் மூன்று நாளை
ராகுகாலம், குளிகை, சூலம் உட்பட மென்றுவிட்டு
தாடியில் ஒரு துணுக்கு நல்ல நேரத்தோடு
நின்றது கருங்கிடா.

வியாழன்தான் குழுத் தவணை.
ஆடு தின்னுட்டா தள்ளிப்போகுமா என்று
போனில் சிரித்தாள் தலைவி சௌந்தரநாயகி.

உள்ளே விட்டது நான்தான்.
இரவெல்லாம் மழை.
கொட்டில் தகரத்தில் புதிதாய் ஒரு ஓட்டை,
பட்டி முழுக்கச் சமையல்கட்டில்.
எட்டு ஆடு, மூன்று மனிதர்,
அதில் சுட்டிச்சிக்கு நாள் நெருங்கியிருந்தது.
இரண்டரை மணிக்கு ஒன்று போட்டாள்.
கால்மணி கழித்து ஒன்று.
முடிந்தது என்று நான் கை கழுவிய பிறகு
இன்னொன்று.

மடியில் காம்பு இரண்டு.
கணக்கு அங்கேயே இடித்தது.
மூன்றாவதை முட்டித் தள்ளினாள்.
குட்டி முதுகில் உப்பு தடவிக் காட்டினோம்.
வீட்டுக்காரர் அவள் காதைப் பிடித்து
நியாயம் பேசிப் பார்த்தார்.
கடைசியில் இருமல் மருந்துப் புட்டி,
வாயில் சைக்கிள் வால்வு டியூப்.
மகள் செவந்தி ஒரு தரம் ஊட்டிவிட்டு
சீம்பால் வாசத்தோடு
காரைக்குடி பஸ் ஏறினாள்.

ஏழு மணிக்குப் பங்களா ஓட்டல் பையன்,
ஸ்கூட்டரில் இரண்டு வாளி.
பப்பாளித் தோல், முட்டைக்கோஸ் அடிக்கட்டை,
வெள்ளைக்காரர் தொடாத கீரை.
ஒருமுறை வெள்ளி ஸ்பூன் வந்தது.
திருப்பிக் கொடுத்த அன்று
என்னை இரண்டு தடவை பார்த்தான்.
தோல் அங்கிருந்து வருகிறது,
தொடை இங்கிருந்து போகிறது.
ஆட்டுக்கு இது தெரியாது.
ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது.

மழை ஈரத்தில் மேய விடக் கூடாது,
வயிறு உப்பும்.
வெயில் ஏறட்டும் என்று
கருவை நெற்றை முறத்தில் கொட்டிக்கொண்டிருந்தபோது
சிக்கந்தர் ராவுத்தர் வந்தார்.
நல்ல நேரம் பார்த்து விற்கலாம்தான்,
அது அதன் வயிற்றில் கிடந்தது.

முதுகெலும்பில் விரல் ஓட்டினார்.
பல் பார்த்தார். பல்லில் காகிதம்.
"படிச்ச ஆடோ?"

ஆம்பிளை என்றால் துண்டுக்கடியில்
விரல் பிடித்து விலை சொல்வார்.
என் விரலைப் பிடிக்க முடியாது.
வாய்விட்டுச் சொன்னாலோ
வேலிக்கு அந்தப் பக்கம் பொன்னழகு,
துணி காயப்போடுகிற சாக்கில் காது.
குச்சி எடுத்துச் செம்மண்ணில் எழுதினேன்:
ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
செருப்பால் அழித்து எட்டாயிரம் என்றார்.
நான் எழுத, அவர் அழிக்க,
கிடா நடுவில் வந்து
இரண்டு பேர் கணக்கிலும் மூத்திரம் பெய்தது.
சிரித்துவிட்டோம்.
சிரித்த பிறகு பேரம் பேசுவது கஷ்டம்.
எட்டாயிரத்து எழுநூறு.

கயிற்றைக் கழற்றிக்கொண்டேன்.
கயிறோடு கொடுத்தால் பட்டியும் கூடப் போகும் என்பார்கள்.
அது போக, கயிறு நாற்பது ரூபாய்.
மொபெட்டில் ஏற்றும்போது அது கத்தவில்லை.
எதையோ அசைபோட்டுக்கொண்டே போனது.
புதன்கிழமையாக இருக்கலாம்.

தவணைக்கு எடுத்துவைத்தேன்.
மிச்சத்தில் தகரம் ஒன்று,
புழு மருந்து, வால்வு டியூப் இரண்டு.
கண்மாய்க் கரையிலிருந்து ஓட்டிவந்து
வாசலில் எண்ணினேன்,
குட்டிகளைச் சேர்த்தும் சேர்க்காமலும்.
இரண்டு தடவையும் வாய்
கிடாவையும் சேர்த்தே சொன்னது.

வீட்டுக்காரர் காலண்டரை
ஒரு சாண் மேலே ஆணியடித்து மாட்டினார்.
மூன்றாவது, இன்னும் பேர் வைக்காதது,
நாலு காலும் நடுங்க
சுவரோரம் நின்று
அண்ணாந்து பார்க்கிறது
வெள்ளிக்கிழமையை.