அக்டோபர், 1791

மறுபடி நிற்க மாட்டோம் என்று
அவர்களே சட்டம் போட்டுக்கொண்டு
போய்விட்டார்கள்.
எல்லோரும். ஒருவர் பாக்கியில்லை.

பாரிசில் குதிரை பழக்கிய கூடம் இது.
மழை பிடித்தால் இன்னும் லத்தி வாடை.
விளக்குத் துடைப்பது என் வேலை.

மூன்றாம் வரிசை ஓரம்
கெம்பேர்க்காரர் கெர்வெலாவின் இடம்.
பேச எழும்போது இருமல் மிட்டாயைப்
பலகைக்கு அடியில் ஒட்டிவைப்பார்;
முறை வராது, உட்கார்ந்து
திரும்ப வாயில் போட்டுக்கொள்வார்.
கடைசி நாள் மறந்துவிட்டார்.

இன்று அங்கே
தொண்டை இன்னும் உடையாத ஒரு வக்கீல்.
உறுதிமொழிக்கு எழுகிறான்,
விரலில் என்னவோ ஒட்ட,
சுற்றுமுற்றும் பார்த்து
கால்சட்டையில் துடைக்கிறான்.

கொல்லைக்கு வழி எது என்று
காலையிலிருந்து முப்பது பேர்.
காட்டினால் குனிந்து நன்றி சொல்கிறார்கள்.

போனவர்களும் சொன்னார்கள்,
முதல் வாரம்.