பழைய இடத்தில் ஒரு சொடுக்கு

பதிப்பு எண் மூன்றை நான்காக்கினேன்.
ஓர் இலக்கம்தான்.

மறுநாள் காலை
க்ளைபேடா துறைமுகத்தில்
கப்பல் வரவு பார்க்கும் அறையில்
பலகங்கள் எல்லாம் வரிசையாக நின்றன,
பள்ளி திறந்த முதல் நாள் போல,
ஒன்றும் தன் இடத்தில் இல்லாமல்.

நிரல் சொன்னபடிதான் நடந்தது:
கோப்பில் எண் வேறு,
ஆகவே பழுது,
ஆகவே எறி,
ஆகவே அதன்மேலேயே புதிதை எழுது.
மூன்று ஆகவேக்களும் என் கையெழுத்து.

பதினொரு பேரின் திரை.
வைடோடஸ் மட்டும் அழைத்தார்.
திட்டவில்லை. "காற்று எங்கே?" என்றார்.
காற்றுவேகப் பலகம் இருக்கிறது, ஐந்தாவது தாவலுக்குப் பின்னால்
என்றேன்.
"இருப்பது தெரியும். எங்கே என்று கேட்டேன்."

வில்னியஸிலிருந்து நாலு மணி நேர ரயில்.
ஜன்னலுக்கு வெளியே பனிகூட இல்லை,
வெறும் நவம்பர்.

அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.
சரக்குக் கப்பல் ஒன்று வாய்க்காலுக்குள் திரும்பியது.
கண் கப்பலில் இருக்க
கை தானாக இடது கீழ் மூலைக்குப் போய்ச் சொடுக்கியது.
அங்கே காற்று இல்லை, வரைபடத்துக் கடல் இருந்தது.
கடல்மேல் விழுந்தது
ஒரு சின்னச் சிவப்புக் கொடி.
முணுமுணுத்தபடி அழித்தார்.

அன்றிரவு விடுதியில் பதிவேட்டைத் திறந்தேன்.
ஆறு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு கொடிகள்,
நட்ட கையோடு பிடுங்கியவை,
திரையில் எந்தப் புள்ளி என்பது உட்பட.
பணிநேரம் பார்த்துப் பிரித்தேன்.
வைடோடஸ்: இடது கீழே, உள்ளங்கை அகலம்.
டோவிலே: வலது ஓரமாக நீண்ட ஒரு கோடு.
கெஸ்டுடிஸுக்கு இரண்டு திட்டு,
ஒன்று வானொலி,
மற்றது ஏழாம் தளத்துக் கேமரா என்று
விடியற்காலை மூன்று மணிக்குப் பிடிபட்டது.
கோப்பு மறந்ததைக்
கைகள் ஒப்பித்துக்கொண்டிருந்தன.

கொடிகளைச் சுற்றிக் கட்டம் போட்டேன்.
கட்டத்துக்குள் பலகத்தை அமர்த்தினேன்.
பத்துப் பேருக்குக் கிடைத்தது.

ருகிலே, பதினோராவது ஆள்,
ஒரு கொடிகூட நடவில்லை.
புதியவள். கொடுத்த வரிசையே போதும் என்றிருந்தாளோ,
எழுந்து போய்
ஜன்னலில் காற்றைப் பார்த்துக்கொண்டாளோ.
அவள் திரையைத் தொடவில்லை.

காலையில் இன்னொரு கப்பல்.
வைடோடஸின் கை மூலைக்குப் போனது.
சொடுக்கு.
கொடி விழவில்லை. அவர் கவனிக்கவும் இல்லை.
கோப்பை அறைக் கழுவுதொட்டியில் வைத்துவிட்டு
ரயிலுக்கு ஓடினேன்.

ஷௌலேய் தாண்டும்போது
மூன்றாவது ஆகவேயை அடித்தேன்.
இரண்டாவதற்கு முன்னால்
ஒரு 'ஒருவேளை' சேர்த்தேன்.